கருமபீடம் இல. 2

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
நடுவில் ஒரு கை நுழைகிற ஓட்டை.
ஐந்து வருசமாய் யாழ்ப்பாணத்தை
அதற்குள்ளால்தான் பார்க்கிறேன்.

முதல் தவணைக்கு வருகிற கையில்
மணிக்கூடு இருக்கும்.
மூன்றாம் தவணைக்கு
மணிக்கூடு இருந்த வெள்ளைத் தடம் வரும்.

காசு எங்கேயிருந்து வருகிறதென்று
எண்ணும்போதே சொல்லிவிடுவேன்.
வங்கிப் பட்டி கழற்றாத ஐயாயிரங்கள் என்றால் ஸ்காபரோ.
நாலாய் மடித்திருந்தால் சீட்டுக்காசு.
கொஞ்சம் ஈரமாய், மீன் வாசத்தோடு, நூறும் ஐம்பதுமாய் வந்தால்
குருநகர்.
பிரித்து எண்ண நேரமெடுக்கும்.
வரிசையில் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள்.

கோபிசனின் தாய் பத்மலோஜினி
கஸ்தூரியார் வீதியிலிருந்து நேரே வந்தா,
அடகுச்சீட்டும் காசும் ஒரே பையில்.
"ஆறு பவுண். கல்லில உரைச்சுப் பாத்திட்டுத்தான் தந்தவன்."
பிறகு என் தலைக்கு மேலே பார்த்தா:
மழையில் நனைந்த ஒரு இங்கிலாந்துக் கட்டடம், புல்வெளி,
தொப்பியை மேலே எறிகிற வெள்ளைப் பிள்ளைகள்.
"இதிலயோ எங்கட பிள்ளையள் படிக்கிறது?"
இல்லையம்மா, அது பட்டம் வருகிற இடம்.
பிள்ளைகள் இரண்டாம் மாடியில்.
முந்தித் தளபாடக் கடை இருந்ததே, அது.

இசட் புள்ளியில் அவனுக்குத் தவறியது
பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு.
அதன் விலை பதினெட்டு லட்சம்,
நூலகக் கட்டணம் புறம்பு.
நூலகத்தில் இரண்டு அலுமாரி.
ஒன்றின் திறப்பு நொயல் சேரிடம்.

பஸ் திருநெல்வேலியைக் கடக்கையில்
கம்பஸ் வாசலில் பிளேன்ரீயோடு நிற்கிறவர்களை
அவன் பார்ப்பதில்லையாம்.
போனை நோண்டுவானாம்.
அங்கே சும்மா படிப்பு, அதனால் கெட்டிக்காரர்.
இங்கே காணி விற்றுப் படிப்பு,
அதனால் 'காசுக்குப் படிக்கிறது'.
விலை கூடக்கூட மதிப்புக் குறைகிற பண்டம் எதுவென்று
சந்தைப்படுத்தல் தாளில் ஒருநாளும் கேட்கவில்லை.
நானும் எழுதிய தாள்தான்.
ஊழியருக்கு அரைக் கட்டணம், சம்பளத்தில் கழிவு.
நாலு வருசம்.
பட்டத்தைக் காட்டி வேலை கேட்டேன்.
இதே கதிரையைத் தந்தார்கள்.

மாசியிலிருந்து சம்பளம் இல்லை.
கொழும்பில் பிரச்சினை என்கிறார் நொயல் சேர்.
கொழும்புக்கு எடுத்தால்
இங்கிலாந்தில் பிரச்சினை என்கிறார்கள்.
சித்திரையோடு இரண்டு விரிவுரையாளர்கள் நின்றுவிட்டார்கள்.
ஏசி போடக்கூடாது என்று கட்டளை,
பெற்றோர் வந்தாலொழிய.

நேற்று நாற்பத்தொரு கடிதம் அடித்தேன்.
'இறுதி அறிவித்தல்.'
பதினாலு நாளில் செலுத்தாவிடில் பரீட்சை மண்டபம் இல்லை.
இருபத்தேழாவது கோபிசன்.
அதை எடுத்து எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன்.
எனக்கிருக்கிற அதிகாரம் அவ்வளவுதான்.

கடிதம் போய்ச்சேர முதலே
இன்றைக்கு அவா வந்து நிற்கிறா.
இந்தமுறை அடகுச்சீட்டு இல்லை. காதும் வெறுமை.
"பிள்ளை, குறைநினையாதேங்கோ.
நீங்கள் உள்ளுக்கு இருக்கிறனீங்கள், கேக்கிறன்.
நகையெண்டால் கல்லில உரைக்கலாம்.
இதை எதில உரைச்சுப் பாக்கிறது?
குடுக்கிற காசுக்குப் பெறுமதியோ?"

ஓட்டைக்குள் பாதி வந்து நிற்கிறது கட்டு.
அதற்குள் எங்கேயோ
என் மாசிச் சம்பளமும் இருக்கிறது.
வீட்டு வாடகை. தம்பியின் மருந்து.

"பெறுமதிதான் அம்மா" என்றேன்.

எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.
நூறு ரூபா கூட இருந்தது.
ஓட்டைக்குள்ளால் திருப்பிக் கொடுத்தேன்.

அவா அதை வாங்கி,
பின்னால் நின்ற மனிசியிடம் திரும்பி,
"நம்பிக்கையான இடம்" என்றா.

மேலே ஏசி உறுமத் தொடங்கியது.